பஹ்கத் திறந்து வைத்த கணக்குகள்

எங்கள் ஊரான கஃப்ர் நவ்வாரில் ஒருவர் பிறந்ததை நகராட்சி பதிவு செய்யும். இறந்ததை மசூதி ஒலிபெருக்கி அறிவிக்கும். நடுவில் அவர் உயிரோடு இருந்தார் என்பதற்கு ஃபேஸ்புக்தான் அத்தாட்சி. அந்த அத்தாட்சியை வழங்கும் உரிமை, ரயில்வே கேட்டை ஒட்டி மொபைல் கடை வைத்திருக்கும் பஹ்கத் அபூ ஷனபிடம் இருந்தது. அரசாங்கம் கொடுத்த உரிமை அல்ல. ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

அபூ ஷனப் என்றால் மீசைக்காரர். பஹ்கத்துக்கு மீசை கிடையாது. தாத்தாவுக்கு இருந்ததாம், பேரன் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு முகத்தை மழித்துவிட்டார். வணிக டிப்ளமோவில் இரண்டு முறை தோற்றவர் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் சேர்க்கப்பட்டு, அங்கே அதிகாரிகளுக்குத் தேநீர் போட்டார். எந்த மேஜர் எந்த மேஜரைத் திட்டினார் என்ற தகவல் முழுவதும் அவருடைய தட்டு வழியாகவே போய் வந்ததால், "தகவல் தொடர்புல இருந்தேன்" என்று அவர் சொல்லிக்கொள்வதை நாங்கள் யாரும் மறுத்ததில்லை.

கடையில் சார்ஜர், கண்ணாடி உறை, ரீசார்ஜ் எல்லாம் உண்டு. ஆனால் அவருடைய உண்மையான தொழில் கணக்குத் திறந்து கொடுப்பது. வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்காருவார். பஹ்கத் மருத்துவரைப் போலக் கேள்வி கேட்பார். பெண் என்றால் படத்துக்கு ரோஜாப்பூ. வாலிபன் என்றால் அடுத்தவர் காரில் சாய்ந்து நிற்கும் கோலம். வயதானவர் என்றால் கஅபா. எல்லாம் முடிந்ததும் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் அழுத்தி, குரலைத் தாழ்த்தி, "பெத்த தாய்க்குக்கூட இதச் சொல்லாதீங்க" என்பார்.

யாரும் சொல்லவில்லை. மனைவி கணவனிடம் சொல்லவில்லை, அண்ணன் தம்பியிடம் சொல்லவில்லை. எங்கள் ஊர் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன். அந்த ரகசியம், பஹ்கத் கடையின் இரும்புக் கதவில் சிவப்புப் பெயின்டில் முழ உயரத்துக்கு எழுதியிருந்த கடை ஃபோன் நம்பர். எல்லாருக்கும் அதே நம்பர். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் அது என்று நம்பி, அந்தக் கதவைக் கடக்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனோம்.

யாராவது இறந்தால் வீட்டார் பஹ்கத்திடம்தான் வருவார்கள். அவர் இறந்தவரின் படத்து மூலையில் கறுப்பு ரிப்பன் வைத்துக் கொடுப்பார். கணக்கை மூட மாட்டார். "தொறக்கறது என் தொழில். மூடறது என் வேலையில்ல" என்பார். மூடுவதற்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியாது என்பது என் ஊகம். இப்படியாக எங்கள் ஊரில் கபருக்குப் போனவர்கள் அனைவரும் கணக்கில் அப்படியே இருந்தார்கள். பெருநாள் அன்று சிலர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளிகூட எரியும். பேரப்பிள்ளைகள் பழைய ஃபோனை நோண்டியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு, அன்று முழுவதும் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருப்போம்.

ஹைதம் செத்தது போன குளிர்காலத்தில். கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி சுமக்கிற பையன். கால்வாய்ச் சாலையில் டுக்டுக் ஆட்டோ கவிழ்ந்து, மேலே விழுந்ததும் அவன் சுமந்த பெட்டிதான். பெட்டி சுமந்தது வயிற்றுக்கு. அவன் வாழ்ந்தது ஆடுவதற்கு. தெருவை மறித்துப் பந்தல் போட்டு விடிய விடிய நடக்கும் கல்யாணத்தில், மர நாற்காலி ஒன்றைப் பல்லில் கவ்வித் தலைக்கு மேல் நிறுத்தி, இரண்டு கையையும் விரித்து, தோளை மட்டும் குலுக்கி ஆடுவான். அந்த ஆட்டங்களையெல்லாம் அவனே தன் பக்கத்தில் ஏற்றி வைத்திருந்தான்.

அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ஏதோ ஒரு ரமளானில், இலவசமாக எதையோ கொடுக்கிறார்கள் என்று நினைத்து ஹைதம் ஒரு பொத்தானை அழுத்திவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயரில் மணிக்கொரு துஆ, இறைவனிடம் கேட்கும் பிரார்த்தனை, தானாகவே வந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்தவரை நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. ஹைதமிடமிருந்து துஆவை யார் எதிர்பார்ப்பார்கள்? அடக்கம் முடிந்து சப்ரியின் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது எல்லாருடைய சட்டைப் பையும் ஒன்றாகச் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தோம். ஹைதம் எழுதியிருந்தான்: "இறைவா, கபரின் இருட்டில் எனக்கு வெளிச்சம் கொடு."

அன்று சப்ரியின் கடையில் யாரும் இரண்டாவது காப்பி கேட்கவில்லை.

பஹ்கத் விளக்கம் சொன்னார். இயந்திரம் செய்கிறது, பையன் செய்யவில்லை. நாங்கள் தலையாட்டினோம். ஆமீன் என்று கீழே எழுதினோம். இயந்திரத்துக்குத்தான் எழுதுகிறோம் என்று தெரிந்தும், "சகோதரா" என்று விளித்தே எழுதினோம். நாளாக ஆக, ஆமீனோடு ஒரு வரி சேர்ந்தது. காப்பிக் கடை சப்ரிதான் முதலில் துணிந்தவர். அவர் அப்பா இறந்து வெகுகாலம் ஆகவில்லை. சப்ரி எழுதினார்:

"ஆமீன். ஹைதம் தம்பி, அங்க எங்கப்பாவப் பாத்தா சொல்லு, எருமைய வித்துட்டேன், வேற வழியில்ல."

மதிய வேளை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பஹ்கத் இதைப் பார்த்தார். இரக்கமா, சோம்பலா, மேஜர்களிடையே செய்தி சுமந்த பழக்கமா தெரியவில்லை. ஹைதமின் கணக்கில் நுழைந்து ஒரே ஒரு வார்த்தை போட்டார்: "சொல்லிட்டேன்."

எதிர்ச்சாரிக் காப்பிக் கடையில் சப்ரியின் கையிலிருந்து ஹூக்கா விழுந்து உடையும் சத்தம் பஹ்கத்துக்குக் கேட்டது. பிறகு சப்ரி எழுதினார்: "கோவப்பட்டாரா?"

பஹ்கத் அவசரமாக ஹைதமின் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டார். மணி திரும்பியதும் இயந்திரம் தன் கடமையைச் செய்தது: "இறைவா, எங்களுக்குப் பொறுமையைக் கொடு." சப்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னார்: "கோவந்தான். ஆனா பொறுத்துக்கிட்டாரு."

அதற்குப் பிறகு தபால் குவிந்தது. விவாகரத்தைப் பற்றி மாமியாருக்குத் தகவல். தேர்வு முடிவைப் பற்றித் தாத்தாவுக்குத் தகவல். சாவிக்கொத்தை எங்கே வைத்தீர்கள் என்று ஒரு கணவருக்கு நேரடிக் கேள்வி. பதிலை மணிக்கொரு துஆவில் அவரவரே தேடி எடுத்துக்கொண்டார்கள். அந்த "சொல்லிட்டேன்" யாருடையது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நம்பியவர்கள் பயந்து கேட்கவில்லை. நம்பாதவர்கள், கேட்டால் தங்கள் தபால் போகாமல் நின்றுவிடுமே என்று கேட்கவில்லை.

தபால் எழுதாத ஒரே ஆள் ஹைதமின் தாய் இன்ஷிராஹ். அவளுக்கு எழுதத் தெரியாது. ஆட்டத்தைப் பார்க்க மட்டும் தெரியும். தன் படத்தைத் தொட்டு, கீழே தள்ளி, நாற்காலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று மகனே உயிரோடு இருந்தபோது சொல்லிக் கொடுத்திருந்தான்.

அவள் வாழ்வில் குண்டு போட்டது அவளுடைய நாத்தனார் நகஃபா. லட்சக்கணக்கான பேர் பின்தொடரும் ஒரு பிரசங்கியின் துண்டுக் காணொளி நகஃபாவுக்கு வந்தது. செத்தவர் விட்டுப் போன பாட்டையும் கூத்தையும் உயிரோடு இருப்பவர் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு பார்வையும் கபரில் அவர் மேல் ஒரு பிடி நெருப்பாக விழும் என்று அந்த ஆள் விரலை ஆட்டிச் சொன்னார். நகஃபா அதைக் கொண்டுவந்து காட்டி, நாற்காலி ஆட்டத்தின் கீழே இருந்த எண்ணிக்கையையும் காட்டினாள். நேற்றைவிட இன்று கூடியிருந்தது.

இன்ஷிராஹ் நேரே மசூதி இமாமிடம் போனாள். அவர், "இறைவனோட கருணை பெரிசு. அது இந்தக் கணக்குக்கெல்லாம் அடங்காது. போய் நிம்மதியாத் தூங்கும்மா" என்றார்.

"நல்ல மனுஷருதான்" என்றாள் நகஃபா, வெளியே வந்ததும். "ஆனா அவர யாரு ஃபாலோ பண்றா?"

பாலைவனப் புழுதியை அள்ளி வரும் கம்சீன் காற்று அடித்த நாளில்தான் இரண்டு பெண்களும் பஹ்கத் கடைக்கு வந்தார்கள். மதியத்திலேயே வானம் மஞ்சளாகி, கடைகள் கதவை இழுத்துவிட்டு உள்ளே விளக்குப் போட்டிருந்தன. ஒயர் வாங்கப் போன நான் புழுதிக்குப் பயந்து அங்கேயே நின்றுவிட்டேன். இன்ஷிராஹ் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்துப் புழுதியைத் துடைத்தாள்.

"உஸ்தா, அழிச்சிடு" என்றாள்.

"எத, உம்மு ஹைதம்?" ஹைதமின் தாயை ஊரார் அழைப்பது அப்படித்தான்.

"ஆட்டம் எல்லாத்தையும். எம் புள்ள எரியறான்."

பஹ்கத் ஃபோனை எடுத்தார், வைத்தார். "அவசரப்படாதீங்க. இத இப்ப யாரு பாக்கறாங்கன்னு நெனைக்கறீங்க?"

"எவளோ!" என்றாள் நகஃபா. "வேல வெட்டி இல்லாதவங்க. கண்ணு அவிஞ்சு போக!"

"வாயக் கழுவு, நகஃபா" என்றார் பஹ்கத் மெதுவாக. "செத்த புதுசுல பாத்தாங்க. இப்ப ஊர்ல எல்லாரும் துஆவத்தான் பாக்கறாங்க. நாற்காலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பார்வைதான் கூடுது. காலைல, ரொட்டி சுடற நேரத்துல."

காற்று இரும்புக் கதவைப் பிடித்து உலுக்கியது. இன்ஷிராஹ் குற்றவாளிக் கூண்டில் நிற்பவளைப் போலச் சொன்னாள்: "ரொட்டி உப்பற வரைக்குந்தான் பாக்கறேன். அதுக்கு மேல பாக்கறதில்ல."

"அல்லாவே" என்று நகஃபா வாயில் கை வைத்தாள். "நீயேவா போடறே அந்த நெருப்ப!"

"அத்தன காலையும் நானா?" என்றாள் இன்ஷிராஹ். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் ஒயர்களை எண்ணத் தொடங்கினேன்.

பஹ்கத் அழிக்கத் தயாராகி விரலை வைத்தார். இன்ஷிராஹ் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. அவனையே கேக்கறேன். ஊர்ல எல்லாருக்கும் பதில் சொல்றானாமே. பெத்தவளுக்குச் சொல்ல மாட்டானா?"

பஹ்கத் விரலை விடுவித்துக்கொண்டார். "உம்மு ஹைதம், ஒரு உண்மை சொல்லிடறேன். சப்ரிக்குச் சொன்னது நானு. நாந்தான் அத எழுதினேன்."

"தெரியும்" என்றாள் அவள். "எம் புள்ள யாரு சொன்ன வேலையையும் அவ்வளவு சீக்கிரம் முடிச்சதில்ல. நீ சும்மா இரு. கைய மேசைல வை. ரெண்டு கையையும்."

நகஃபா சோதனை அதிகாரியானாள். பஹ்கத்தின் இரண்டு ஃபோன்களையும் பிடுங்கி, தன் கறுப்பு அங்கிக்குள், இந்த ஊரில் எந்த ஆணும் தேட முடியாத இடத்தில் வைத்துக்கொண்டாள். என் ஃபோனையும் வாங்கிக்கொண்டாள். எங்கள் நான்கு கைகளும் கண்ணாடி மேசைமேல், சந்தையில் வைத்த மீனைப் போலக் கிடந்தன.

இன்ஷிராஹ் தன் ஃபோனை வாயருகே வைத்து, குரல் செய்தி அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"ஹைதம், நான் அம்மா. சாப்பிட்டியான்னு கேக்க மாட்டேன். ஆட்டத்த நான் பாக்கறதுனால ஒனக்கு வலிக்குதா? வலிச்சா சொல்லு, பஹ்கத் அழிச்சிடுவாரு. நான் பாக்காம இருந்துக்கறேன். இருந்துக்குவேன்." விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது.

மேசைமேல் ஃபோனை வைத்துவிட்டு நாங்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பஹ்கத் கொஞ்சம் மூச்சுவிட்டார். அப்போது கறுப்பு ரிப்பன் வைத்த ஹைதமின் படம், மொச்சைக்கொட்டை அளவுக்குச் சிறுத்து, அவள் அனுப்பிய குரலுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தது.

"என்னது அது?" என்றாள் இன்ஷிராஹ்.

பஹ்கத் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது: "கேட்டுட்டான்னு அர்த்தம்."

பிறகு அந்த மூன்று புள்ளிகள் வந்தன. மறுமுனையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது வருமே, அவை. வந்தன, மறைந்தன, திரும்பி வந்தன.

பஹ்கத்தின் கைகளைப் பார்த்தேன். மேசைமேல்தான் இருந்தன. "மிஷினு துஆ போடும்" என்றார் அவர். "எழுதி அழிச்சி யோசிக்காது." என் பார்வை கடையின் இரும்புக் கதவுக்குப் போனது, அவருடைய பார்வையும் போனது. உள்பக்கத்திலிருந்து நம்பர் தெரியாது. ஆனால் வெளியே அது இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்தது. புழுதி அடைத்த வீடுகளுக்குள் ஊர் முழுக்க ஃபோனோடு உட்கார்ந்திருந்தது. தன் கடவுச்சொல்லை அடுத்தவர் பெயரில் போட்டுப் பார்க்க எந்தக் காலத்தில் யாருக்கு ஆசை வந்ததோ, அந்த யாராவது ஒருவர். அல்லது பத்துப் பேர், ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை எழுதி, பயந்து, அழித்துக்கொண்டு. இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்து நான் தைரியத்தைத் திரட்டிக்கொண்ட அந்தக் கணத்தில் கரண்ட் போனது.

கடை இருண்டது. கம்சீன் நாளில் கரண்ட் போனால் ஊர் டவரும் கூடவே போகும். ஃபோனின் மேல் மூலையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து இல்லாமலாயின. கறுத்த கடைக்குள் அந்தச் சின்னத் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. மூன்று புள்ளிகளும் இருந்தன.

"நெட்டு போனா அது அப்படியே நின்னுடும்" என்றார் பஹ்கத், தனக்குத்தானே பாடம் சொல்வதைப் போல. "படம் மாதிரி நின்னுடும். வேற ஒண்ணுமில்ல."

"நிக்கலியே" என்றாள் நகஃபா. "அசையுதே."

அசைந்தன. ஒன்று ஏற, ஒன்று இறங்க, அவசரமே இல்லாமல். இன்ஷிராஹ் ஃபோனைக் கையில் எடுத்து முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். அவள் கன்னத்தில் அந்த வெளிச்சம் ஏறி இறங்கியது. நெடுநேரம் பார்த்தாள். பிறகு அந்த இருட்டில் அவள் சிரித்தாள்.

"தோளப் பாரு" என்றாள். "கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஆடிக்கிட்டிருக்கான் பாரு, களவாணி."

"இன்ஷிராஹ், வேணாம், அத வச்சிடு" என்று நகஃபா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"வலிக்கறவன் இப்படி ஆட மாட்டான், நகஃபா."

"வீடியோல அந்த ஷேக்கு சொன்னாரே. நெருப்புன்னாரே."

"சொன்னாரு. பாக்கறது யாரு, நாந்தானே? அப்ப எம் பேர்ல எழுதட்டும். பஹ்கத், எழுது. அவன் ஆட்டத்துக்குக் கீழ எழுது. இத இன்ஷிராஹ் பாக்கறா, இதுல பாவம் இருந்தா அது இன்ஷிராஹ்வோடது, புள்ளையத் தொடக் கூடாது. அப்படியே எழுது. அழகா ஒண்ணும் எழுத வேணாம்."

"கரண்ட் இல்லியேம்மா."

"வரும். நான் இருக்கேன்."

இருந்தாள். நாங்களும் இருந்தோம், நகஃபா ஃபோனைத் திருப்பிக் கொடுக்காததால் என்று பின்னால் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அந்தக் கடையிலிருந்து முதலில் வெளியேறும் துணிவு யாருக்கும் இல்லை. கரண்ட் வந்தபோது புள்ளிகள் இல்லை. எப்போது போயின என்று யாரும் பார்க்கவில்லை. பதிலும் வந்திருக்கவில்லை. பஹ்கத் அவளுடைய ஃபோனை வாங்கி, அவள் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் நாற்காலி ஆட்டத்தின் கீழே எழுதினார்.

எங்கள் ஊர் படிப்பதில் மந்தம். ஆனால் அன்று எல்லாரும் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். முதல் பதில் உடனே வந்தது. சப்ரி எழுதியிருந்தார்: "நானும் பாத்தேன். பாதி எம் பேர்ல." பிறகு ரோஜாப்பூக்கள் வரத் தொடங்கின. "எம் பேர்லயும்." "கல்யாணத்துல கை தட்டினவ நான், என்னையும் சேத்துக்குங்க." ஒருவன் கார்மேல் சாய்ந்தபடியே "என்னுதும்" என்றான். பஹ்கத் ஒவ்வொன்றாக இன்ஷிராஹ்வுக்குப் படித்துக் காட்டினார். எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அங்கிக்குள் தன் ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்த நகஃபாவின் பெயரும் வந்தது: "எம் பேர்லயும் கொஞ்சம். ரொம்ப வேணாம்."

பஹ்கத் சிரித்துக்கொண்டே அடுத்ததைப் படிக்க வாயைத் திறந்தார். மூடினார். ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என் பெயரிலும் எழுதிக்கொள்ளவும்" என்று பிழையில்லாத எழுத்து நடையில் இருந்தது. எழுதியவர் பெயர் ஃபிக்ரி அல்-தீப். படத்தின் மூலையில் கறுப்பு ரிப்பன். பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆரம்பப் பள்ளிக் கணக்கு வாத்தியார். போன வருஷம் பேரீச்சம்பழ அறுப்பின்போது அவரைக் கபருக்குத் தூக்கிக்கொண்டு போன கட்டிலின் ஒரு காலை நான் பிடித்திருந்தேன். மனைவி முன்பே போய்விட்டாள், பிள்ளை குட்டி கிடையாது, அவருடைய ஃபோனைப் பெட்டியில் வைத்து மூடியவர் பஹ்கத்.

"யாரு? ஏன் நிறுத்திட்டே?" என்றாள் இன்ஷிராஹ்.

"ஃபிக்ரி வாத்தியார்" என்றேன் நான்.

அந்த வாத்தியாரிடம் மூன்று வகுப்பு முழுக்க அடி வாங்கி, புறங்கை வீங்கி வீட்டுக்கு வந்தவன் இன்ஷிராஹ்வின் மகன். அவள் பஹ்கத்தின் கையிலிருந்து தன் ஃபோனை வாங்கி, திரையிலிருந்த புழுதியை முக்காட்டு நுனியால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அங்க வாத்தியாரு அவன அடிக்கறதில்ல" என்றாள்.